ஈரமணலில் கேட்காமல் போன சங்கிலி

எங்கள் கடற்கரையில் உலோகம் தேடும் மெசின் தங்கத்துக்குரிய சத்தம் போட்டால், தோண்டுவதற்கு முன்பே எனக்குத் தெரியும், ஈயமாகத்தான் இருக்கும். கல்முனையில் இருந்து சாய்ந்தமருது தாண்டும் வரைக்கும் மணலுக்குள் கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் ஈயக்குண்டுகள் கிடக்கின்றன. வலை இழுபடும்போது கயிறு அறுந்து விழுந்தவை, பழைய வலையோடு புதைந்தவை, கடல் ஒருமுறை ஊருக்குள் வந்து போனபோது வீடுகளில் இருந்து அள்ளிக்கொண்டு போய்ப் போட்டவை. ஒரு தடித்த மோதிரமும் ஒரு ஈயக்குண்டும் மெசினின் காதுக்கு ஏறக்குறைய ஒன்று. இரண்டு வருடத்தில் நான் தோண்டிய ஈயம் ஒரு சாக்குக்கு மேல் இருக்கும். மோதிரம் மூன்று. அதில் ஒன்று பித்தளை.

நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு ஓரிடத்தில் தரித்ததில்லை. கொழும்பில் தேநீர்க்கடை, பொலன்னறுவையில் அரிசி ஆலை, பிறகு கட்டாரில் ஆறு வருடம். அங்கே ஒரு விடுதியின் கடற்கரையில் மணல் அரித்துச் சுத்தம் செய்யும் வேலை. கூட வேலை செய்த பிலிப்பைன்காரன் ஒருவன் விடுமுறை நாளில் மெசினோடு கடலோரம் நடப்பான். அவன் ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் இடமில்லை என்று தன் மெசினை என் தலையில் கட்டிவிட்டான். நான் ஊருக்கு வந்ததும் புதையல் தோண்டுகிறவன் என்று கதை பரவியது. பொலிசுக்குக் கொண்டுபோய்க் காட்டி, கடற்கரையைத் தவிர வேறெங்கும் கொண்டுபோகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்து, மாதக்கணக்கில் அலைந்துதான் அதைக் கையில் வைத்திருக்க முடிந்தது. அப்போது ராத்தா என்று நான் கூப்பிடும் அக்காவின் வீட்டில் ஒரு மூலையில் இருந்தேன். கையில் தொழில் இல்லை. நடப்பதற்கு ஒரு சாக்காக அது இருந்தது.

மெசின் என்பது ஒரு தடி. அதன் நுனியில் சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் செப்புக் கம்பிச் சுருள். சுருளுக்குள் மின்சாரம் ஒரு வினாடியில் ஆயிரக்கணக்கான தடவை முன்னும் பின்னுமாக ஓடும். அதனால் மணலுக்குள் ஒரு காந்தத் துடிப்பு இறங்கும். கீழே உலோகம் கிடந்தால் அதற்குள்ளும் ஒரு சின்ன மின்சாரம் சுழன்று எழும்பி, மேலே பதில் அனுப்பும். அந்தப் பதில் எவ்வளவு பிந்தி வருகிறது என்பதைக் கொண்டுதான் அது என்ன உலோகம் என்று மெசின் ஊகிக்கிறது. தடித்த வெள்ளியும் செம்பும் பிந்திப் பதில் சொல்லும். மெல்லிய தங்கமும் சிகரட் பெட்டிக்குள் இருக்கும் மினுங்கல் உலோகத் தாளும் கேட்ட உடனே சொல்லிவிடும். மெதுவான துடிப்புக்குத் தடித்த சாமான் நன்றாகப் பேசும், வேகமான துடிப்புக்கு மெல்லிய சாமான்.

மலிவான மெசின் ஒரே வேகத்தில்தான் துடிக்கும். அது ஒரே கண் அளவுள்ள வலை மாதிரி. பெரிய பாரை மீனுக்குப் போட்ட வலையில் சின்ன நெத்தலி நிற்காது. என்னுடையது பல அதிர்வெண் மெசின். ஒரே நேரத்தில் மெதுவாகவும் வேகமாகவும் துடித்து, எல்லாத் துடிப்புக்கும் வந்த பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். பெரிய கண், சின்ன கண் என்று நாலைந்து வலையை ஒன்றாக விட்டது போல.

இந்த வலைக் கணக்கை எனக்குச் சொன்னவன் என் கூட்டாளி. கரைவலை ஒன்றில் கிழிந்த வலையைப் பொத்துகிறவன், ஈயம் கட்டுகிறவன். நான் தோண்டும் ஈயமெல்லாம் அவனிடம்தான் போகும்.

"மச்சான், உலகத்துல தங்கம் தேடி எனக்கு ஈயம் கொண்டு வாற ஒரே ஆள் நீதான்," என்பான்.

"ஒரு நாளைக்கு தங்கம் கிடைச்சா?"

"அதையும் கொண்டு வா. வலையில கட்டிப் பாப்பம், தாழுதா எண்டு."

அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மணலில் நடக்கும்போது கண் கீழேதான் இருக்கும். ஈயம் கண்டால் குனிந்து எடுத்து சாரன் மடியில் போட்டுக்கொள்வான். அந்தப் பழக்கம்தான் அவனைக் கெடுத்தது.

இஸ்லாமியக் கணக்கில் சபர் மாதத்துக் கடைசிப் புதன்கிழமை எங்கள் பக்கத்துப் பெண்கள் கடலுக்குப் போய் முழுகுவார்கள். ஒடுக்கத்துப் புதன். அந்த வருடத்துப் பீடையெல்லாம் கடலோடு போகும் என்பது நம்பிக்கை. இப்போது மார்க்கத்தில் இல்லாதது என்று பலர் அதை விட்டுவிட்டார்கள். விடாதவர்கள், விட்டவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள் என்பதுதான் சங்கடம்.

அந்தப் புதன்கிழமை ஒரு தாயும் மகளும் இன்னும் இரண்டு மூன்று பெண்களும் கடற்கரைக்கு வந்திருந்தார்கள். மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் போட்ட, நூல் மாதிரி மெல்லிய ஒரு தங்கச் சங்கிலி கழுத்தில். வீடு போய்ச் சேர்ந்தபோது கழுத்தில் அது இல்லை. தோணியடியில் காய்ந்த மணலில் இருந்து கதைத்துவிட்டு வந்தோம், அங்கேதான் விழுந்திருக்கும் என்று தாய், மகளின் தகப்பனிடம் சொன்னாள். தோணியடியில் அந்த நேரம் வலை பொத்திக்கொண்டிருந்தவன் என் கூட்டாளி. அவன் குனிந்து எதையோ எடுத்து மடியில் போட்டதைக் கண்டதாக, கூடப் போன பெண் ஒருத்தி சொன்னாள்.

அவன் ஈயத்தை எடுத்துக் காட்டினான். ஈயத்தைக் காட்டிச் சங்கிலியை மறைக்கலாம்தானே என்றார்கள்.

விஷயம் பள்ளிவாசலுக்குப் போனது. எங்கள் குடிக்குரிய மரைக்கார், எங்கள் குடும்பங்களுக்காகப் பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர், இரண்டு பக்கத்தையும் விசாரித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. யாரையும் திட்டவில்லை. சத்தியம் பண்ணச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கூட்டாளிதான் எழும்பிச் சொன்னான்.

"சத்தியமெல்லாம் மறுகா பாப்பம் ஹாஜியார். அவன்ட மெசின் இரிக்கி. கடக்கரை முழுக்க தேடச் சொல்லுங்க. ஈர மணலையும் சேத்து."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விருப்பமில்லை. ஊரில் என்னை ஒரு காரியத்துக்கு ஆளாக யாரும் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் அந்தத் தாய் ராத்தாவின் குசினிக்கு வந்தாள். முகத்தை மூடியிருந்தாள். ராத்தா தேநீர் ஊற்றிக் கொடுத்தும் குடிக்கவில்லை.

"தம்பி, உங்களுக்கு மட்டும் சொல்றன். தோணியடியில இல்ல. நானும் புள்ளையும் தண்ணில எறங்கின. மூணு முழுக்கு. எறங்கக்கொள்ள கழுத்துல இருந்திச்சி, ஏறினதுக்குப் பிறகு கண்ட ஞாபகமில்ல. தண்ணி ஓரத்துலதான் விழுந்திரிக்கும்."

"அத அங்க சொல்லிருக்கலாமே மாமி."

"அவர் போக வேணாமெண்டு சொல்லித்தானே ரெண்டு வருஷமா சண்டை. முழுகப் போன எண்டு அறிஞ்சா புள்ளட கலியாணத்தோட என்டதையும் முடிச்சிருவார். நீங்க எடுத்துத் தாங்க. எங்க எடுத்த எண்டு ஆரும் கேக்க மாட்டாங்க."

"நீ எடுத்துக் குடுடா. வேற ஒண்டும் கதைக்காத," என்றாள் ராத்தா.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தேடினேன். மரைக்காரும், தகப்பனும், வலைக்காரரும், சும்மா வந்தவர்களுமாக முப்பது பேர் இருக்கும். மணலில் கயிறு பிடித்து வரிசை வரிசையாக நடந்தேன். கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்தவன் கூட்டாளி. தோணியடியில் சோடா மூடிகள், ஆணி, ஐந்து ரூபாய் நாணயக் குற்றி ஒன்று, எப்போதும் போல ஈயம். ஒவ்வொரு சத்தத்துக்கும் எல்லோரும் கிட்ட வந்து குனிந்தார்கள். பிறகு நான் கடலோரத்துக்கு இறங்கினேன்.

"அங்க எதுக்கு? எங்கட ஆக்கள் அங்க எறங்கல்லயே," என்றார் தகப்பன்.

"ஏறி எறங்குற தண்ணிதானே. பாத்தா என்ன," என்றேன்.

கடலோரத்துக்கு என்று மெசினில் தனியாக ஒரு ஏற்பாடு உண்டு. அதற்கு மாற்றினேன். ஒரே அதிர்வெண் மெசினாக இருந்தால் ஈர மணலில் பைத்தியம் பிடித்தது போல் கத்தும். உப்புத் தண்ணீரும் மின்சாரம் கடத்தும், ஆகவே அதுவும் பதில் சொல்லும். போதாததற்கு எங்கள் கரையில் அலை விட்டுப்போகும் கறுப்பு மணலில் இரும்புத் தன்மை இருக்கிறது. அது வேறொரு மாதிரிப் பதில் சொல்லும். ஒன்றை அடக்கினால் மற்றது கத்தும். பல அதிர்வெண் மெசினுக்குத்தான் இரண்டையும் ஒன்றாக அடக்க முடியும். அன்றைக்கு அது அலை நனைக்கும் மணலின் மேல் ஒரு முனகல் இல்லாமல் போனது. இரண்டு முறை நடந்தேன். மூன்று ஈயம் கிடைத்தது. முழங்கையளவு ஆழத்தில் கிடந்த ஈயத்தைக்கூட விடவில்லை.

"இல்ல," என்றேன்.

"வடிவாப் பாத்தியா மனே?" என்றார் மரைக்கார்.

"இருந்தா சத்தம் போட்டிருக்கும் ஹாஜியார்."

இந்த ஒரு வசனத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். தேடினேன், கிடைக்கவில்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டாளி கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றான். என்னையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தான். 

அவனை யாரும் அடிக்கவில்லை, பொலிசில் கொடுக்கவுமில்லை. வலைக்கு உரிய முதலாளி, கொஞ்ச நாளைக்கு வராதே, கதை அடங்கட்டும் என்றார். பள்ளியில் தொழுகை வரிசையில் அவன் பக்கத்தில் தோளோடு தோள் நின்றார்கள், மார்க்கம் அப்படி. சலாம் மட்டும் யாரும் முந்திச் சொல்லவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு அவன் சவளக்கடைப் பக்கம் வயல் வேலைக்குப் போனான். கடலில் வளர்ந்தவனுக்கு வரம்பு கட்டும் வேலை. நான் அவனுடைய கண்ணில் படாமல் நடந்துகொண்டேன். அவன் எடுத்திருப்பானோ என்று நானும் இரண்டொரு நாள் நினைத்தேன். மெசின் பொய் சொல்லாது என்றால் வேறு எப்படி நினைப்பது?

மழைக்கு முன்னால் ஒரு பகல், சும்மா இருக்கமாட்டாமல், ராத்தாவின் கழுத்துச் சங்கிலியைக் கேட்டேன். அதுவும் மெல்லியதுதான்.

"எதுக்குடா?"

"ஒண்டு பாக்கணும்."

"கடல்ல போட்டுட்டு வந்து, மெசின் சத்தம் போடல்ல எண்டு சொல்லாத."

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். சங்கிலியில் தூண்டில் நூலைக் கட்டி, நூலின் மறுநுனியைக் காலில் கட்டிக்கொண்டு, ஈர மணலில் நாலு விரல் ஆழத்தில் புதைத்தேன். மெசினைக் கடலோர ஏற்பாட்டில் வைத்து மேலே வீசினேன். சத்தமில்லை. மெதுவாக வீசினேன். குறுக்கே வீசினேன். மணலை விலக்கிச் சங்கிலி கண்ணுக்குத் தெரியும்படி வைத்தும் வீசினேன். ஒரு தும்மல் போல ஏதோ வந்தது, அதுவும் எல்லாத் தடவையும் இல்லை. பக்கத்தில் ஓர் ஈயத்தைப் போட்டேன். பாடியது.

கடலோர ஏற்பாட்டை எடுத்துவிட்டுக் காய்ந்த நிலத்துக்குரியதை வைத்தேன். உடனே உப்பு முழுவதும் கத்தத் தொடங்கியது. அந்தக் கத்தலுக்குள், சங்கிலிக்கு மேலே வரும்போது மட்டும் கொஞ்சம் உயர்ந்த ஒரு கீச்சு. தெரிந்து கேட்டால்தான் கேட்கும்.

மெசினோடு வந்த சின்னப் புத்தகத்தில் அது எழுதியிருந்தது. இங்கிலீசுப் புத்தகம். நான் படங்களை மட்டும் பார்த்திருந்தேன். அன்றைக்குப் போனைப் பிடித்துப் பக்கம் பக்கமாக மொழிபெயர்த்து வாசித்தேன். பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதி போதுமாக இருந்தது. உப்புத் தண்ணீர் வேகமான துடிப்புக்கு ஒரு மாதிரியும் மெதுவான துடிப்புக்கு ஒரு மாதிரியும் பதில் சொல்லும். அந்த வித்தியாசத்தை மெசின் அறிந்து வைத்திருக்கிறது. எல்லாப் பதில்களையும் ஒப்பிட்டு, உப்பின் பங்கு எது என்று கணக்குப் போட்டு, அதைக் கழித்துவிடுகிறது. மெல்லிய சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் தனித்தனியாக ஒரு பொட்டுத் தங்கம். அதன் பதில் உப்பின் பதில் மாதிரியே இருக்கும். உப்பைக் கழிக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். வலையில் சொறி என்கிற ஜெல்லிமீன் நிறைந்து வந்தால் அள்ளிக் கடலில் கொட்டுவார்களே, அந்தச் சொறியோடு ஒட்டிக்கொண்டு நெத்தலியும் போகும். யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகவே அன்றைக்கு மெசின் அமைதியாக இருந்ததற்குக் காரணம் அங்கே ஒன்றும் இல்லை என்பதல்ல. நான் அதை அமைதியாக இருக்கச் சொல்லியிருந்தேன்.

அன்றிலிருந்து பதினேழு நாள் அந்த ஈர மணலில் நடந்தேன். உப்பை அடக்காமல், கத்தவிட்டு, காதுக்குள் கத்தலை வாங்கிக்கொண்டு. தலை இடிக்கும். ஒவ்வொரு கீச்சுக்கும் தோண்டினேன். தாள், தகரப் பேணியின் வளையம், தூண்டில் முள். இதற்கிடையில் வாடைக்காற்று தொடங்கிவிட்டது. கடல் ஒரு நாள் ஒரு முழ மணலைக் கொண்டுபோகும், மறுநாள் வேறெங்கிருந்தோ கொண்டுவந்து போடும். பெண்கள் முழுகிய இடம் எது என்று நான் அடையாளம் வைத்திருந்த தென்னையின் அடிவேர் வெளியே தெரிந்தது. பதினெட்டாம் நாள் தென்னையே சாய்ந்து கிடந்தது. நிறுத்திவிட்டேன்.

அந்தத் தாயிடம் போனேன். தகப்பன் கடைக்குப் போயிருந்த நேரம். கலியாணம் குழம்பவில்லை, வேறு சங்கிலி செய்து போட்டுவிட்டார்கள் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

"மாமி, மெசின் பிழை விட்டிருக்கு. நீங்க தண்ணில எறங்கின கதைய மரைக்காரிட்ட மட்டும் சொன்னா, அவன் தப்புவான்."

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்தத் தம்பிக்காக ஒவ்வொரு வக்துத் தொழுகையிலயும் துஆ கேக்கிறன்," என்றாள். "என்னால சொல்ல ஏலா. நீங்களும் சொல்லிராதீங்க. ஒங்கட ராத்தாட தலைல அடிச்சிக் கேக்கிறன்."

ஆகவே நான் தனியாகப் பள்ளிவாசலுக்குப் போனேன். மெசினின் பிழையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். மரைக்கார் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்தார்.

"சரி மனே, ஈர மணல்ல கிடந்தா ஒன்ட மெசினுக்குக் கேக்காது. காஞ்ச மணல்ல?"

"காஞ்ச மணல்ல கேக்கும்."

"அவங்க இருந்தது காஞ்ச மணல்லதானே?"

நான் தாளை எடுத்து மடித்தேன்.

"ஈர மணல்ல எப்பிடி விழும்?"

"கடல் இழுத்திரிக்கலாம் ஹாஜியார்."

"இரிக்கலாம் எண்டு ஊர் கூட்டிச் சொல்ல ஏலாது." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் எதையோ விழுங்குகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "முதலாளியோட நான் கதைக்கிறன். அவனை வலைக்கு வரச் சொல்லு. அல்லாஹ் அறிஞ்சவன்."

கல்முனையில் பஸ் ஏறிச் சவளக்கடையில் இறங்கி, வாய்க்கால் ஓரமாக நடந்தேன். அவன் ஒரு வயலில் தனியாக வரம்பு செதுக்கிக்கொண்டிருந்தான். தண்ணீர் பாய்ச்சியிருந்த வயல். முழங்கால் வரை சேறு. என்னைக் கண்டதும் மண்வெட்டியை ஊன்றி நின்றான். சலாம் சொன்னேன், பதில் சொன்னான்.

நான் மெசினின் பிழையை முழுவதும் சொன்னேன். உப்பு, சங்கிலி, கழித்தல், ராத்தாவின் சங்கிலியை வைத்துப் பார்த்தது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். வலைக்காரனுக்கு இது விளங்காமல் போகாது.

"தெரியும் மச்சான்," என்றான்.

"என்ன தெரியும்?"

"தண்ணிலதான் விழுந்த எண்டு. அதுகள் எறங்கினத நான் கண்டதானே. தோணியடியிலதானே இருந்த நான்."

"அத ஏன் அங்க சொல்லல்ல?"

"பொம்பிளைகள் முழுகினதப் பாத்துக்கிட்டு இருந்தன் எண்டு பள்ளில எழும்பிச் சொல்லவா? களவெடுத்த எண்டா வலைய மட்டும்தான் விடணும். அதச் சொன்னா ஊரை விடணும்." மண்வெட்டியில் ஒட்டிய சேற்றைக் காலால் தள்ளினான். "அதான் மெசின் எண்டு சொன்ன. ஆரும் ஒண்டும் சொல்லாம அது எடுத்துத் தரும் எண்டு நெனச்ச."

 மரைக்கார் சொன்னதைச் சொன்னேன். வலைக்குத் திரும்பி வரலாமாம், முதலாளியோடு கதைக்கிறாராம்.

"வரலாம் எண்டு சொல்றாங்களா, எடுக்கல்ல எண்டு சொல்றாங்களா?"

"வரலாம் எண்டுதான்."

அவன் தலையை ஆட்டினான். அடுத்த வயலில் யாரோ மடையைத் திறந்துவிட்டார்கள் போல, நாங்கள் நின்ற பக்கம் தண்ணீர் ஏறிவந்தது.

"வீட்டுல உம்மா இரிக்கா, சந்திச்சிட்டுப் போ," என்றான். "இஞ்ச வந்ததச் சொல்லு. வலைக் கதைய எடுக்காத. நான் திரும்பி வருவன் எண்டு அவ நம்பிருவா."

பிறகு குனிந்து, உடைந்த வரம்பில் சேற்றை அள்ளி வைத்து, மண்வெட்டியின் முதுகால் அடித்து இறுக்கத் தொடங்கினான். நான் நின்ற இடத்துக்குக் கிட்ட வந்ததும், வேலையை நிறுத்தாமல், கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான்.